காவிரி நாட்டில் உரோமானிய வெள்ளி

கி.மு. 27 முதல் கி.பி. 37 வரை உரோமாபுரியை அடுத்தடுத்து ஆண்ட அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்களின் தலை பொறித்த வெள்ளிக் காசுகள், அப்பேரரசின் எல்லைக்கு வெளியே மிகுதியாகக் கிடைத்திருக்கும் நிலப்பகுதிகளுள் தென்னிந்தியா முதன்மையான ஒன்றாகும். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1950-களில் வெளியிட்ட கணக்கின்படி, துணைக்கண்டத்தில் அதுவரை பதிவாகியிருந்த 68 கண்டெடுப்புகளில் 57 விந்திய மலைக்குத் தெற்கே கிடைத்தவை. அவற்றுள்ளும் பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி, நொய்யல் ஆற்றை ஒட்டிக் கொங்கு நாட்டைக் கடந்து, கரூர் வழியாகக் காவிரிக்கு இறங்கும் நிலப்பகுதி வெள்ளிப் புதையல்கள் செறிந்த பகுதியாக விளங்குகிறது.

இத்தகைய காசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. முதல் வரலாறு காசின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பேரரசர், எந்தப் பட்டம் என்பதை அதைக் கையில் எடுத்தவர் எவரும் படித்தறியலாம். இரண்டாவது வரலாறு, அது எந்த மண்ணில், எந்தக் கலத்தில், வேறு எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்பதில் அடங்கியிருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் அது ஒரே நாளில் அழிந்துபோகும். தமிழகத்தில் உரோமானிய வெள்ளியைச் சேகரிப்பவர்களும் அதைப் பற்றி அறிய விழைபவர்களும் முதலில் உணர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பழைய திருச்சி மாவட்டத்தின் இடம்

இன்று தனித்தனி மாவட்டங்களாக உள்ள கரூரும் புதுக்கோட்டையும் இருபதாம் நூற்றாண்டில் நீண்ட காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. 1910-இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட கரூர் 1995 வரையிலும், 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1974 வரையிலும் திருச்சி ஆட்சியரின் நிர்வாகத்தின்கீழ் இருந்தன. உரோமானிய நாணய ஆய்வில் மீண்டும் மீண்டும் பேசப்படும் இரண்டு ஊர்ப்பெயர்கள் இந்தப் பழைய மாவட்டத்துக்குள் அடங்குவதால், திருச்சியில் இருந்து இந்த வரலாற்றைப் பார்ப்பது பொருத்தமானது.

திருச்சி நகருக்குள்ளேயே இருக்கும் உறையூர், முற்காலச் சோழரின் தலைநகரமாக விளங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூலான ‘பெரிப்ளூஸ்’, ‘அர்கரு’ என்னும் உள்நாட்டு நகரையும் அந்நகரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணியையும் குறிப்பிடுகிறது. அந்நகரை உறையூராகவே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அங்கு நடத்திய அகழாய்வில், உருளைக் கோட்டு அழகமைந்த மட்கலங்களும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டதாகக் கருதப்படும் தொட்டியும் வெளிப்பட்டன. பங்குனித் திருவிழாவில் திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர்க் கமலவல்லி நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளும்போது உடன் செல்லும் பக்தர்கள், மேற்கே மேலைக்கடற்கரைத் துறைமுகங்களோடும் கிழக்கே காவிரிப்பூம்பட்டினத்தோடும் ஒரு காலத்தில் வணிகத்தால் இணைந்திருந்த ஒரு நகரத்தின் மண்ணிலேயே கால் பதிக்கின்றனர்.

திருச்சிக்கு மேற்கே, காவிரியின் துணையாறான அமராவதியின் கரையில் இருக்கும் கரூர், சேரர் குடியின் ஒரு கிளையினரான இரும்பொறைகளின் தலைநகராகக் கருதப்படுகிறது. அதற்கு அருகிலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையின் குகைக் கல்வெட்டுகள் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறை மன்னர்களைக் குறிப்பிடுவதோடு, கரூரைச் சேர்ந்த ஒரு பொன் வணிகரின் கொடையையும் பதிவு செய்கின்றன. பொன்னையும் வெள்ளியையும் எடைபோட்டு, மாற்றுப் பார்த்து விலை சொல்லக்கூடிய வணிகர்கள் அவ்வூரில் இருந்தனர் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இக்கல்வெட்டுகளின் பொருளைத் தெளிவாக்கிய ஐராவதம் மகாதேவன், திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூரில் 1930-இல் பிறந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தினாரியஸ் என்னும் காசு

உரோமானியரின் அடிப்படை வெள்ளி நாணயத்துக்குத் தினாரியஸ் என்று பெயர். கார்த்தேஜ் நாட்டுடன் நடந்த இரண்டாம் பெரும்போரின் நெருக்கடியில், ஏறத்தாழ கி.மு. 211-இல் இது அறிமுகமாயிற்று. அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோமானிய பவுண்டு வெள்ளியிலிருந்து 84 காசுகள் அடிக்கப்பட்டன. ஆகவே ஒரு காசின் எடை ஏறத்தாழ 3.9 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 18 அல்லது 19 மில்லிமீட்டர். இருபத்தைந்து தினாரியஸ்கள் ஆரியஸ் எனப்பட்ட ஒரு பொற்காசுக்கு ஈடாகும். ஒரு தினாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ் என்ற சில்லறைக் கணக்கும் இருந்தது. அகஸ்டஸின் படைவீரர் ஒருவர் ஆண்டு முழுவதற்கும் பெற்ற ஊதியம் 225 தினாரியஸ் என்பதைக் கொண்டு இக்காசின் வாங்கும் ஆற்றலை மதிப்பிடலாம்.

காசுகள் கையால் அடிக்கப்பட்டன. பட்டடையில் பதிக்கப்பட்ட கீழ் அச்சின்மேல் சூடேற்றிய வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மீது பொருத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தபோது, இரு பக்கங்களிலும் உருவங்கள் ஒரே நேரத்தில் பதிந்தன. இவ்வாறு அடிக்கப்பட்டதால், ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள்கூட முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒன்றில் தலை நடுவில் இருக்கும், மற்றொன்றில் ஓரமாக ஒதுங்கி எழுத்துகளில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். சேகரிப்பாளர்கள் எடை, குறுக்களவு ஆகியவற்றோடு, முன்பக்க உருவத்துக்கும் பின்பக்க உருவத்துக்கும் இடையிலுள்ள கோணத்தையும் குறித்துக்கொள்வது இதனால்தான்.

இரண்டு காசு வகைகளும் ஓர் அரியணையும்

தமிழகப் புதையல்களில் மிகப் பெரும்பான்மையாக இருப்பவை இரண்டே வகைகள். முதல் வகை, இன்றைய பிரான்சின் லியோன் நகரமான லுக்தூனத்தில், கி.மு. 2-ஐ ஒட்டித் தொடங்கி அகஸ்டஸ் அடித்தது. அதன் முன்பக்கத்தில் இலைமாலை சூடிய அகஸ்டஸின் தலை இருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்க, அவர்களுக்கு நடுவே கேடயங்களும் ஈட்டிகளும், அவற்றுக்கு மேலே பூசகர்கள் வழிபாட்டில் கையாளும் கரண்டியும் வளைகோலும் காணப்படுகின்றன. அந்த இளைஞர்கள் கையுஸ், லூசியுஸ் என்போர்; அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்கும் படைத்தலைவர் அக்ரிப்பாவுக்கும் பிறந்த அவர்களைப் பேரரசர் கி.மு. 17-இல் மகன்களாகத் தத்தெடுத்து, தமக்குப் பின் ஆளவேண்டியவர்களாக உலகுக்கு அறிவித்தார். செய்தித்தாள் இல்லாத காலத்தில், பேரரசின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் அந்த அறிவிப்பை நாணயமே எடுத்துச் சென்றது.

அந்த எண்ணம் நிறைவேறவில்லை. லூசியுஸ் கி.பி. 2-இல் மசீலியா நகரில் நோயால் இறந்தார். போரில் காயமுற்ற கையுஸ் கி.பி. 4-இல் லிசியா நாட்டில் இறந்தார். வாரிசு இழந்த முதிய பேரரசர், தம் மனைவி லிவியாவின் முதல் மணத்தில் பிறந்த டைபீரியஸை அதே ஆண்டில் தத்தெடுத்துக்கொண்டார். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் வெள்ளிக் காசே தமிழகத்தில் பெருவாரியாகக் கிடைக்கும் இரண்டாவது வகை. அதன் முன்பக்கத்து எழுத்துகள் அவரைத் தெய்வநிலை எய்திய அகஸ்டஸின் மகன் என்று அழைக்கின்றன. பின்பக்கத்தில் தலைமைப் பூசகர் என்ற அவருடைய பட்டத்துக்கிடையே, கையில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண் உருவம் காணப்படுகிறது. அவ்வுருவத்தை அமைதித் தெய்வத்தின் சாயலில் காட்டப்பட்ட அன்னை லிவியாவாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நற்செய்தி நூல்களில் இயேசுநாதர் வரி குறித்த கேள்விக்கு விடை கூறும்முன் காட்டச் சொன்ன காசு இதுவே என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், இவ்வகைக்கு உலகச் சந்தையில் தேவை மிகுதி. போலிகளும் அதற்கேற்ப மிகுதி.

வாரிசாக அறிவிக்கப்பட்டு மறைந்த இளவரசர்களின் காசும், இறுதியில் அரியணை ஏறியவரின் காசும் கொங்கு நாட்டு மட்கலங்களில் ஒன்றாகக் கலந்தே கிடைத்துள்ளன. இங்கிருந்த வணிகருக்கு அந்த அரண்மனைத் துயரம் பொருட்டன்று. எடையும் மாற்றும் சரியாக இருந்தனவா என்பதே அவருடைய கேள்வி. உரோமானிய எழுத்தாளர் பிளினி இதற்கு இணையான ஒரு செய்தியை இலங்கையைப் பற்றிச் சொல்கிறார். காற்றால் திசைமாறி அத்தீவை அடைந்த ஓர் உரோமானியரிடம் இருந்த தினாரியஸ்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும், எடை மட்டும் ஒரே அளவாக இருந்ததைக் கண்டு அந்நாட்டு மன்னர் உரோமானியரின் நேர்மையை வியந்தார் என்பது அச்செய்தி.

நீரோவும் குறைந்த வெள்ளியும்

அந்த நேர்மை நெடுநாள் நீடிக்கவில்லை. உரோமாபுரி தீக்கிரையான கி.பி. 64-ஆம் ஆண்டை ஒட்டி, பேரரசர் நீரோ ஒரு பவுண்டு வெள்ளியில் 84-க்குப் பதிலாக 96 காசுகள் அடிக்க ஆணையிட்டார். எடை ஏறத்தாழ 3.4 கிராமாக இறங்கியது. அதற்கு முன் ஏறத்தாழ 98 விழுக்காடாக இருந்த தூய்மை, அண்மைக்கால உலோகப் பகுப்பாய்வுகளின்படி 80 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. தென்னிந்தியப் புதையல்களில் நீரோவின் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் மிகவும் அரிதாக இருப்பதை இந்த மாற்றத்தோடு இணைத்தே ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். காசை எண்ணாமல் எடைபோட்டு வாங்கிய நாட்டில், கலப்பு மிகுந்த வெள்ளிக்கு வரவேற்பு இருந்திருக்க இடமில்லை.

ஆயினும் காசு அடிக்கப்பட்ட ஆண்டையே அது தமிழகத்தை அடைந்த ஆண்டாகக் கொள்ளக் கூடாது. தரமான பழைய காசுகள் நீரோவுக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. கி.பி. 107-ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜன் தேய்ந்த பழங்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கும்வரை, இந்தியாவுக்குக் கப்பலேறிய வணிகர்கள் அவற்றைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கக்கூடும். டைபீரியஸின் காசு கிடைத்த மண்ணடுக்கை டைபீரியஸ் காலத்தது என்று உடனே முடிவு செய்துவிடாமல், கூடக் கிடைத்த பொருள்களையும் பார்க்கவேண்டும் என்று தொல்லியலாளர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

வெள்ளியைக் குறைத்துச் செலவைச் சமாளிக்கும் பழக்கம் பிற்காலப் பேரரசர்களிடம் மேலும் வளர்ந்தது. செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் தினாரியஸின் தூய்மை ஏறத்தாழப் பாதியாகியது, கி.பி. 270-ஐ நெருங்கும்போது, தினாரியஸின் இடத்தைப் பிடித்திருந்த காசு மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சுடைய செம்பாகவே மாறிவிட்டது. ஒரு பேரரசின் நிதிநிலை எவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது என்பதை, வரிசையாக அடுக்கிவைத்த சில காசுகளின் நிறத்திலிருந்தே ஒரு மாணவர் அறிந்துகொள்ளலாம் என்பது நாணயச் சேகரிப்பின் தலையாய பயன்களுள் ஒன்று.

புதையல்கள் சொல்லும் அளவு

கோயம்புத்தூரை அடுத்த, நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842-ஐ ஒட்டிக் கிடைத்த புதையலில் 522 தினாரியஸ்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி டைபீரியஸ் காசுகள், அடுத்த நிலையில் அகஸ்டஸ் காசுகள். அதே ஊரில் 1891-லும் பின்னர் 1930-களிலும் மீண்டும் வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டைப் பகுதியில் பூதிநத்தத்தில் 1946-இல் ஏறத்தாழ 1,400 தினாரியஸ்கள் கிடைத்தன. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1,531 காசுகளும் இவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. கரூர் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொன்னும் வெள்ளியுமாக உரோமானியக் காசுகள் எடுக்கப்பட்டன.

புதுக்கோட்டையின் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த புதையல் பொற்காசுகளால் ஆனது. 501 காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களுக்கு உரியவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயவியலாளர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பொற்காசு ஒன்றுக்கு 25 தினாரியஸ் என்ற கணக்கில் இப்புதையல் 12,525 தினாரியஸுக்கு ஈடாகிறது. அகஸ்டஸின் படைவீரர் ஒருவர் 55 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் மட்டுமே அத்தொகையை ஈட்ட முடியும். வெள்ளலூரின் 522 காசுகள்கூட அவருடைய இரண்டு ஆண்டு ஊதியத்தைத் தாண்டுகின்றன. சிறு வணிகரின் கைச்செலவுக் காசுகளாக இவற்றைக் கருத இயலாது. பெருவணிகரின் முதலீடாகவோ, ஓர் ஆட்சியாளரின் செல்வமாகவோதான் இவை மண்ணுக்குள் சென்றிருக்க வேண்டும்.

இச்செல்வம் எதற்கு ஈடாக வந்தது என்பதற்கும் அக்கால நூல்களே விடை தருகின்றன. கேரளக் கடற்கரையில் பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த பழைய துறைமுகமான முசிறியில் (காவிரிக் கரையில் திருச்சி மாவட்டத்திலுள்ள முசிறி வேறு) மிளகு வாங்கவந்த கப்பல்கள் பெருந்தொகையாக நாணயத்தைக் கொண்டுவந்தன என்று பெரிப்ளூஸ் கூறுகிறது. உரோமாபுரியில் ஒரு பவுண்டு கருமிளகு நான்கு தினாரியஸுக்கு விற்றது என்று பிளினி விலை குறிக்கிறார். காங்கேயத்தை அடுத்த படியூரில் எடுக்கப்பட்ட பச்சைக்கல், கொடுமணலில் பட்டைதீட்டப்பட்ட மணிகள், பாண்டிய நாட்டு முத்து, உறையூரின் மெல்லிய துணி ஆகியனவும் இவ்வணிகத்தில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி வருந்தி எழுதியதை நாணயக் கணக்கில் மாற்றினால் 1.25 கோடி தினாரியஸ் வருகிறது. முழுவதும் அவர் காலத்து வெள்ளிக் காசாகவே வந்திருந்தால் அது 42 டன்னுக்கு மேற்பட்ட எடையாகும். அறவுரை கூறும் நோக்கில் எழுதிய அவர் தொகையைப் பெருக்கிச் சொல்லியிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆயினும் வணிகம் பெரிதாக இருந்தது என்பதைப் புதையல்கள் மெய்ப்பிக்கின்றன.

தமிழகத்தில் ஏற்பட்ட தழும்புகள்

இந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகள் பலவற்றில், வேறு நாடுகளில் எளிதில் காணமுடியாத சில அடையாளங்கள் உள்ளன. புதுக்கோட்டைப் பொற்காசுகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டிய தழும்பு காணப்படுகிறது. உட்புறம் தூய உலோகமா என்று சோதிக்க வெட்டினர் என்பது ஒரு விளக்கம்; எடை குறைந்த காசு மீண்டும் நாணயமாகப் புழங்காதபடி செல்லாததாக்கினர் என்பது மற்றொன்று. வெள்ளிக் காசுகள் சிலவற்றின் மேல் சிறு சிறு முத்திரைக் குத்துகள் உள்ளன. கைமாறிய ஒவ்வொரு வணிகரும் தம் அடையாளத்தை இட்டிருக்கலாம் என்று அவை எண்ண வைக்கின்றன. பொற்காசுகள் சில துளையிடப்பட்டோ, வளையம் பொருத்தப்பட்டோ கழுத்தணியில் கோக்கப்பட்டன. உரோமானியக் காசுகளைப் பார்த்து உள்நாட்டிலேயே அடித்த காசுகளும், அவற்றை அச்சாகக் கொண்டு செய்த சுடுமண் வில்லைகளும் இந்தியாவின் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன.

இந்தத் தாக்கம் உள்ளூர் அரசர்களின் நாணயத்திலும் புலப்படுகிறது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மன்னனின் தலையும், ‘மாக்கோதை’ என்ற பெயர் தமிழ்-பிராமி எழுத்திலும் இருப்பதை ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டார். வில், புலி, மீன் போன்ற சின்னங்களைப் பொறித்துவந்த தமிழ் வேந்தர் மரபில், அரசனின் முகத்தைக் காசில் பதிக்கும் வழக்கம் உரோமானியக் காசுகளைப் பார்த்தே தோன்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய ஊர்களின் ஆற்றுப்படுகைகளில் கிடைத்த, கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு உரோமானியச் செப்புக் காசுகளையும் அவர் 1994-இல் தனி நூலாகத் தொகுத்தார். வெள்ளியின் காலம் முடிந்த பின்னரும் அயல்நாட்டுத் தொடர்பு அறுந்துபோகவில்லை என்பதை அச்சிறு காசுகள் உணர்த்துகின்றன.

காத்தவர்களும் உருக்கியவர்களும்

மண்ணிலிருந்து வெளிவந்த வெள்ளியில் எவ்வளவோ பகுதி பொற்கொல்லரின் மூசைக்குள் சென்று மறைந்தது. எஞ்சியதைக் காத்தவர்கள் அதைப் பதிவு செய்தவர்களே. 1851-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம் இப்புதையல்களின் முதன்மைக் காப்பிடமாயிற்று. அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள உரோமானியக் காசுகளுக்கு அட்டவணை வெளியிட்டார், சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ராபர்ட் சிவெல், இந்தியா முழுவதிலும் அதுவரை கிடைத்த உரோமானியக் காசுகளை 1904-இல் ஊர்வாரியாகத் தொகுத்தார், தி.கோ. அரவமுதன் 1942-இல் சென்னைத் தொகுப்புக்கு விரிவான அட்டவணை அமைத்தார். பின்னர் பவுலா டர்னர் 1989-இல் இந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகள் பற்றிய நூலை வெளியிட்டபோது, இம்முன்னோரின் குறிப்புகளே அவருக்கு அடித்தளமாயின. திருச்சி மலைக்கோட்டையை ஒட்டிய ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தில், இப்பகுதியின் நாணயச் செல்வத்தைப் பொதுமக்கள் காணலாம்.

திருவரங்கம் கோயிலின் கல்வெட்டுகள் மதிலிலும் மண்டபத்திலும் வெட்டிய இடத்திலேயே நிற்பதால்தான், எந்த மன்னர் காலத்தில் எந்தப் பகுதி எழுந்தது, எந்தச் சன்னதிக்கு எந்த நிலம் விடப்பட்டது என்பதை இன்றும் அறிய முடிகிறது. அக்கற்களைப் பெயர்த்தெடுத்து ஊர் தெரியாமல் விற்றிருந்தால், எழுத்து எஞ்சியிருந்தாலும் பொருள் பாதி போயிருக்கும். நாணயத்துக்கும் இது முற்றிலும் பொருந்தும். ஆற்று மணலை அரித்து எடுத்த காசு, எந்தத் துறையில் எடுத்தது என்ற குறிப்பின்றி மூன்று நான்கு கைகள் மாறி ஒரு நகரத்துச் சேகரிப்பாளரிடம் வந்து சேரும்போது, அது லியோனில் அடித்த காசுகளுள் மற்றுமொன்றாக மட்டுமே எஞ்சுகிறது. தமிழகத்தின் சான்று என்ற தகுதியை இழந்துவிடுகிறது.

சட்டமும் முறையும்

புதையல் குறித்த சட்டத்தை அறியாமல் எவரும் பழங்காசுகளைச் சேகரிக்கத் தொடங்கக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தெரிவிப்பவர் பொருளை வெறுமனே இழந்துவிடுவதில்லை. அரசு அதைக் கையகப்படுத்தும்போது, உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர அச்சட்டம் வழிசெய்கிறது. மறைப்பவருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்களைத் தொல்பொருளாகக் கொண்டு, அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. தொல்பொருள் வணிகம் செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

முறையாக வெளிப்பட்ட ஒரு புதையல் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதற்குத் திருவரங்கத் தீவிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் 2020 பிப்ரவரியில் மண்ணுக்கடியில் இருந்த ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை உரோமானியக் காசுகள் அல்ல, மிகவும் பிற்காலத்தவை. ஆயினும் கண்டெடுத்த இடம், கலம், எண்ணிக்கை, எடை ஆகிய அனைத்தும் உடனுக்குடன் கணக்கிடப்பட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதால், அக்காசுகளின் வரலாறு சிதையாமல் நின்றது. வெள்ளலூரிலும் கரூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலைந்துபோன செய்திகளை நினைக்கும்போது, இந்த ஒழுங்கின் அருமை விளங்கும்.

உரிமம் பெற்ற வணிகரிடமோ ஏலத்திலோ வாங்கும் சேகரிப்பாளர், போலியை இனங்காணவும் பழகிக்கொள்ள வேண்டும். அச்சில் அடித்த காசின் உருவ ஓரங்கள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடும், பரப்பில் காற்றுக் குமிழிகள் விட்ட நுண்குழிகளும் தென்படும். தூய வெள்ளியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 10.5 மடங்கு, காசைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு இதைக் கணக்கிடலாம். பழங்காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திச் செய்த கள்ளக் காசுகளும் உண்டு. அவையும் வரலாற்றுச் சான்றுகளே என்பதால் நாணயவியலாளர் அவற்றைத் தனியாகப் பதிவு செய்கின்றனர். வகையை உறுதி செய்ய, 1923 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த ‘உரோமப் பேரரசு நாணயங்கள்’ என்னும் அட்டவணை உலகெங்கும் அளவுகோலாகப் பயன்படுகிறது.

காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெரும் பிழை. இரண்டாயிரம் ஆண்டுகளாக வெள்ளியின்மேல் படிந்த கருமை அதைக் காக்கும் போர்வையாகவும் இருக்கிறது. புளியும் சாம்பலும் கொண்டு துலக்கினால் கருமையோடு நுண்ணிய எழுத்துகளும் முத்திரைக் குத்துகளும் சேர்ந்து தேய்ந்துபோகும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கக்கூடுமாதலால், காசைச் சுண்டிப் பார்ப்பதும் வளைத்துப் பார்ப்பதும் தவிர்க்கத்தக்கன. மென்மையான பிளாஸ்டிக் உறைகளுக்குப் பதிலாக, அமிலம் கலவாத தாள் உறையில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே வைப்பதே பாதுகாப்பானது.

உறையுடன் ஒரு சீட்டும் இருக்கவேண்டும். எடை, குறுக்களவு, அச்சுக்கோணம், பேரரசர், வகை ஆகியவற்றோடு, யாரிடமிருந்து எந்த நாளில் பெறப்பட்டது, அதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்த ஊரில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது, அச்செய்தி எவ்வளவு நம்பத்தக்கது என்பனவும் அதில் எழுதப்பட வேண்டும். டைபீரியஸின் வெள்ளிக் காசு உலகச் சந்தையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது; அதை வைத்திருப்பது அரிய செயல் அன்று. ஆனால் அது அமராவதிப் படுகையில் எந்தத் துறைக்கு அருகே, எந்தப் பானை ஓட்டோடு, எந்தச் சேரர் காசோடு கிடைத்தது என்ற ஒரு வரி, கரூருக்கும் உறையூருக்கும் இடையிலான வணிகப் பெருவழியைப் பற்றி எழுதப்படும் வரலாற்றைத் திருத்தக்கூடியது. அந்த ஒரு வரியை எழுதி வைப்பவரே, வெள்ளியைச் சேர்ப்பவர் என்ற நிலையைக் கடந்து, தமிழக வரலாற்றைக் காப்பவர் என்ற பெருமைக்கு உரியவராகிறார்.